களியையும் மெல்ல வேண்டும்: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2018இல் பெங்களூரில் பைபாஸ் முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 118 கிலோ. இரண்டு ஆண்டில் 71க்கு இறங்கியது, பிறகு 80ஐத் தொட்டது, இப்போது 75இல் நிற்கிறது. இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று வாய்வழியாகப் பரவிவிட்டதால் தருமபுரி, காவேரிப்பட்டணம், ஓசூர் என்று பல ஊர்களிலிருந்து தொலைபேசி வருகிறது. ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நோட்டுப் புத்தகத்தோடு மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வருபவள், அவ்வளவுதான். மருந்தின் அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

"இரண்டு வருடம் முடிந்துவிட்டது டீச்சர். இனி எல்லாரையும் போலச் சாப்பிடலாம்தானே?"

எல்லாரும் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். எல்லாரையும் போலச் சாப்பிட முடியாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மேலே உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலில் இணைக்கிறார்கள். இரண்டு ஆண்டு ஆனதால் வெட்டியது முளைத்துவிடாது, மாற்றிய வழியும் பழையபடி ஆகிவிடாது.

மாறுவது ஒன்று உண்டு. முதல் ஆண்டில் பசியே தெரியாது, சாப்பிடு என்று மற்றவர்கள் நினைவூட்ட வேண்டியிருக்கும். பிறகு பசி மெல்லத் திரும்புகிறது, ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவும் கொஞ்சம் கூடுகிறது. அதுவரை எடையைக் குறைத்தது பெரும்பாலும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அந்த வேலை நம் தட்டிடம் வந்துவிடுகிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

"களி சாப்பிடலாமா? களி இல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பாடே இல்லை."

சாப்பிடலாம். ஆனால் நம் ஊர்ப் பழக்கப்படி சாப்பிட முடியாது. களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? மென்று தின்றால் வெளியூர்க்காரர் என்று சிரிப்பார்கள். அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு அந்த விழுங்கல்தான் ஆபத்து. ஏழாம் மாதம் மாமியார் வீட்டில் பழக்கதோஷத்தில் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்தியது போல அடைத்துக்கொண்டது. வாயில் எச்சில் நுரைத்து நுரைத்து ஊறியது. "தண்ணீர் குடி, இறங்கிவிடும்" என்று மாமியார் சொம்பை நீட்ட, நானும் குடித்தேன். கீழே வழி இல்லாததால் குடித்த தண்ணீரும் மேலே வந்தது. அரை மணி நேரம் கொல்லைப்புறத்தில் கழிந்தது. அடைத்தால் தண்ணீரால் தள்ளக் கூடாது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடக்க வேண்டும். சில மணி நேரம் ஆகியும் எச்சில்கூட இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது களியைக் கொஞ்சம் தளர்வாகக் கிண்டி, கோலிக்குண்டு அளவில் கிள்ளி, மென்றுதான் சாப்பிடுகிறேன். அதையும் கடைசியில்தான். முதலில் கோழித்துண்டோ கொள்ளுக் கடைசலோ, பிறகு கீரை, வயிற்றில் இடம் மிஞ்சினால் களி. ராகி சர்க்கரை நோய்க்கு நல்லது, எவ்வளவு தின்றாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 கிராம் ராகி மாவில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் இருப்பது உண்மை. ஆனால் புரதம் 7 கிராம்தான், மாவுச்சத்தோ மூன்றில் இரண்டு பங்கு. முதலிலேயே களியால் வயிற்றை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடம் இருக்காது.

"புரதம் புரதம் என்கிறார்கள். எவ்வளவு வேண்டும்? டப்பா மாவு வாங்கியே ஆக வேண்டுமா?"

பொதுவாக நாளுக்கு 60 முதல் 80 கிராம் சொல்வார்கள். முதல் மாதங்களில் மாவு தேவைப்படலாம். பிறகு நம் சமையலிலேயே இதை எட்டிவிடலாம். என் நாள் இப்படிப் போகும்: காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பால், 6. மதியம் கொள்ளு அல்லது தட்டைப்பயறு ஒரு சிறு கிண்ணம், 7. அதோடு எலும்பில்லாத கோழி 75 கிராம், 20க்குப் பக்கம். கொஞ்சம் தயிர், 3. மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல், 6. இரவில் பனீர் 50 கிராம், 9. கூட்டினால் 63.

அசைவம் சாப்பிடாதவர்கள் பாலும் பயறும் பனீரும் சோயாவுமாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஒரு கரண்டி மாவு கைகொடுக்கும். நம் பக்கத்து மொச்சையும் அவரைப் பருப்பும் நல்ல சரக்குதான், ஆனால் தோலோடு சாப்பிட்டால் சிலருக்கு வாயு பிடுங்கும். நான் ஊறவைத்துப் பிதுக்கித்தான் சமைக்கிறேன்.

"சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் என்ன ஆகிவிடும்?"

சின்னப் பையில் தண்ணீர் இடத்தை அடைத்துக்கொள்ளும், அல்லது உணவைச் சீக்கிரம் கீழே அடித்துக்கொண்டு போய்விடும். சீக்கிரம் இறங்கினால் சீக்கிரம் பசிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் அரை மணி பின்பும் தண்ணீரை விலக்கி, மற்ற நேரத்தில் வாய் வாயாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். குறைத்துக் குடித்தால் மலச்சிக்கலும், பைபாஸ்காரர்களுக்குச் சிறுநீரகக் கல்லும் வரும்.

எந்தத் தண்ணீர் என்பதும் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களில் ஒரு கேள்விதான். இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடம்பில் இன்னும் மோசமாகக் கெடுக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான். நமக்கோ ஏற்கெனவே எலும்பு தேயும் அபாயம் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரையே வையுங்கள்.

"அக்கா, நான் லாரி ஓட்டுகிறேன். மாம்பழ ஜூஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. பைபாஸ் செய்து மூன்று வருடம் ஆகிறது."

இந்தத் தம்பி தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது இது நடந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டியது அவருடைய நல்ல புத்தி. இதற்கு டம்பிங் என்று பெயர், இரண்டு விதமாக வரும். இனிப்பு வேகமாகச் சிறுகுடலில் கொட்டும்போது அரை மணிக்குள் படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு வருவது ஒன்று. திடீரென ஏறிய சர்க்கரைக்கு ஈடாக உடம்பு இன்சுலினை அள்ளி விட்டுவிட, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சர்க்கரை கீழே விழுவது மற்றொன்று. இவருக்கு வந்தது இரண்டாவது. பைபாஸ் முடிந்து ஓராண்டுக்குப் பிறகுகூட இது புதிதாகத் தலைகாட்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம், ஆனால் குறைவு.

அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தி, குளுக்கோஸ் மாத்திரையோ இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையோ எடுத்துக்கொண்டு, தெளிந்ததும் வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிட வேண்டும். மறுநாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மயக்கம் வரை போனவர்கள் அவர் சொல்லும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது கணவாய்.

"அப்படியானால் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழமே தொடக் கூடாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தோப்புக்காரர். அவரிடம் தொடாதே என்று சொல்ல எனக்கு மனம் வருமா? பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, புரதம் உள்ளே போன பின், இரண்டு மூன்று துண்டுகள். வெறும் வயிற்றில் வேண்டாம். கூழும் ஜூஸும் மில்க்‌ஷேக்கும் வேண்டாம். ஒரு டம்ளரில் எத்தனை பழம் போகிறது என்று நமக்கே தெரியாது, மெல்லும் வேலையும் இல்லாததால் நேரே இறங்கிவிடும். பெங்களூரா காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னலாம், ஆனால் தோல் சீவி, நன்றாக மென்று.

"சத்து மாத்திரையை எத்தனை வருடத்தில் நிறுத்தலாம்?"

நிறுத்த முடியாது. ஆயுளுக்கும் உண்டு. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மூன்றாம் ஆண்டில் நிறுத்தியவர்கள்தான் ஐந்தாம் ஆண்டில் கால் மரத்துப்போகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எனக்குத் தொலைபேசி செய்கிறார்கள். உடம்பில் சேர்த்துவைத்த பி12 தீர ஆண்டுகள் ஆகும் என்பதால் நிறுத்தியவுடன் எதுவும் தெரியாது. நரம்பு கெட்ட பிறகு ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

என் டப்பாவில் இருப்பவை: பலசத்து மாத்திரை, பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள், இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கும் அது உறிஞ்சும். உணவோடு சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வேண்டும், அதையும் ஒரே நேரத்தில் போடாமல் ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து. இரும்பும் கால்சியமும் ஒன்றோடொன்று சண்டை போடும், இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது காசைச் சாக்கடையில் போடுவதற்குச் சமம். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சும் என்பதால் நான் நெல்லிக்காய்த் துண்டோடு போடுகிறேன். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர்க்காரர்களுக்கு இதைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிவுகளை ஒரே கோப்பில் வையுங்கள். ஒரு எண்ணைவிட அது ஆண்டுக்காண்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

"முடி கொட்டுகிறது!"

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை என்றால் பெரும்பாலும் தானே திரும்பும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கொட்டினால் ஷாம்பூவை மாற்றாதீர்கள், இரும்பையும் புரதத்தையும் தைராய்டையும் பாருங்கள்.

"கெடா விருந்துக்குப் போனால் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. இலையில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்."

எனக்கு இது அறுவை சிகிச்சையைவிடப் பெரிய சிகிச்சையாக இருந்தது. கொஞ்சமாகச் சாப்பிட்டால் சமையல் பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால், "காசு கொடுத்து வயிற்றை அறுத்துக்கொண்டாளாம்" என்று அடுத்த பந்திக்குள் பேச்சு போய்விடும். நான் கண்டுபிடித்த வழி, பரிமாறுகிற பக்கம் போய்விடுவது. வாளியைக் கையில் எடுத்தவளை யாரும் உட்கார வைத்துத் திணிப்பதில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, நன்றாக வெந்த நான்கு கறித்துண்டு, இரண்டு கரண்டி ரசம் என்று முடித்துக்கொள்வேன். ஆட்டுக்கறியில் நார் அதிகம், வேகாத துண்டு களியைப் போலவே அடைக்கும்.

ஆண்களுக்கு வாளி வழி எல்லா வீட்டிலும் செல்லாது. அவர்களுக்கு நான் சொல்வது: "வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, மருத்துவர் அளந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார்." அதற்கு மேல் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

"ஒன்பது கிலோ திரும்ப ஏறிவிட்டது. வயிறு விரிந்துவிட்டதா? மறுபடியும் ஆபரேஷனா?"

எனக்கும் அதே ஒன்பதுதான், 71இலிருந்து 80. பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் எடை அதன் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் ஏறி நிற்கும். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பை ஓரளவு விரியலாம்தான், ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொறிப்பதை. முறுக்கு, மிக்சர், டீயில் நனைத்த பிஸ்கட் எல்லாம் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், எவ்வளவு தின்றாலும் பை நிறைந்ததாகத் தெரியாது. 2020இல் பள்ளி மூடிய நாட்களில் மடிக்கணினி முன் உட்கார்ந்தபடி நான் தின்ற முறுக்கை யாராவது எடை போட்டிருந்தால் அந்த ஒன்பது கிலோவுக்குக் கணக்கு கிடைத்திருக்கும்.

ஒரு வாரம் தின்னும் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள், டீயையும் சேர்த்து. மூன்று வேளையும் புரதத்தில் தொடங்குங்கள். நடையோடு தசைக்கும் வேலை கொடுங்கள். நான் கதிரவன் வெளியில் வருமுன் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, இரண்டு தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிப் பயிற்சி செய்கிறேன். இதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் சிகிச்சை செய்த மருத்துவரிடம் போங்கள். எண்டோஸ்கோப்பி என்ற உள்நோக்கியில் பார்ப்பார்கள். மருந்துகளும் இருக்கின்றன, மறு அறுவை சிகிச்சை கடைசியில் வரும் பேச்சு. தோற்றுவிட்டோம் என்று அவரைப் பார்க்கப் போகாமலே இருப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு.

"சர்க்கரை மாத்திரையே தேவைப்படவில்லை. நோய் போய்விட்டதுதானே?"

ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலருக்குப் பல ஆண்டுகள் அடங்கியிருக்கும், எடை ஏறினால் திரும்ப வரும், ஏறாமலும் சிலருக்கு வரும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 2021 ஆகஸ்டில் நம் சூளகிரி வட்டாரத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் எடை குறைந்த பிறகும் பழைய அளவையே விழுங்கினால் தலை சுற்றிக் கீழே விழ வேண்டியதுதான். அறுவை சிகிச்சை நடந்ததையும் புதிய மருந்துச்சீட்டையும் வரும் பணியாளரிடம் காட்டிவிடுங்கள்.

"என் வீட்டுக்காரர் முன்பு போலக் குடிப்பதில்லை, பாதிதான். ஆனால் முன்பைவிட அதிகம் தள்ளாடுகிறார்."

பாதி குடித்தாலும் பைபாஸுக்குப் பிறகு மது சில நிமிடங்களில் ரத்தத்தில் ஏறி, முன்பைவிட உச்சத்துக்குப் போகும், இறங்கவும் நேரம் எடுக்கும். ஸ்லீவிலும் கவனம் வேண்டும். குடிக்குள் சிக்குபவர்களின் எண்ணிக்கை இரண்டாம் ஆண்டிலிருந்து கூடுவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம், முன்பு தொடாதவர்களும் அதில் உண்டு. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போய்விட்டதால் டாஸ்மாக்கில் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். அவரைத் திட்டாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் அம்மா. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

"மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கொடுக்கும் மாத்திரை போடலாமா?"

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வகைகள் வேண்டாம். பைபாஸில் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வைத்துவிடும், ரத்தம் கசியும், ஓட்டைகூட விழும். பீடியும் சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். 2022இல் முதுகு பிடித்துக்கொண்டபோது கடைக்காரர் மடித்துக் கொடுத்த பெயர் தெரியாத மூன்று மாத்திரைகளை மூன்று நாள் போட்டேன். நான்காம் நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன். தவறு என்னுடையதும்தான், அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்று நான் வாயே திறக்கவில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

"கல்யாணமாகி ஆறு வருடம். ஆபரேஷனுக்குப் பிறகு மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது. எப்போது குழந்தைக்கு முயலலாம்?"

பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் பொறுக்கச் சொல்வார்கள், எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்குச் சத்துப் போதாது. எடை குறைந்ததும் கரு சட்டென்று தங்கிவிடும், அதனால் அதுவரை தடுப்பு வேண்டும். பைபாஸில் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சாமல் போகலாம், வேறு முறையைக் கேளுங்கள். கருவுற்ற பின் முதல் வருகையிலேயே அறுவை சிகிச்சையைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை பார்க்க எல்லாருக்கும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பார்கள், நமக்கு அது மேலே சொன்ன டம்பிங்கைக் கொண்டுவரும். அதற்குப் பதில் ஒரு வாரம் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் முறை உண்டு.

"நான்கு வருடம் ஒன்றுமில்லை. இப்போது சாப்பிட்ட பிறகு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது, பிறகு தானே விட்டுவிடுகிறது. வாயுதானே?"

வாயுவாகவும் இருக்கலாம், பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். ஆனால் பைபாஸ் செய்தவருக்கு எத்தனை ஆண்டு கழித்தும் குடல் உள்ளுக்குள்ளேயே ஓர் இடுக்கில் நுழைந்து மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. எடை நிறையக் குறைந்ததும் உள்ளே இடைவெளிகள் தளர்வதால் வருவது இது. வந்து வந்து போகும் வலி அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். வலி இல்லாத நாளில் போய் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் சொல்லுங்கள். விடாமல் வலித்தால், வாந்தியோடு வலித்தால், கருவுற்றிருக்கும்போது வலித்தால் ஓம வாட்டரோடு காத்திருக்காமல் அந்த இரவே கிளம்புங்கள். ஸ்கேன் எடுக்கும் வசதியும் அறுவை சிகிச்சைக் குழுவும் உள்ள இடமாகப் பாருங்கள்.

வாந்தியைப் பற்றித் தனியாக ஒன்று. நாட்கணக்கில் வாந்தி எடுத்தால் தயமின் என்ற பி1 தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தடுமாறுவது, பேச்சுக் குழறுவது எல்லாம் அதன் அறிகுறி. அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு கூடும். இரவுப் பணியில் இருப்பவருக்கு நம் பழைய கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நமக்கோ அப்போது பேச வாய் வராது. அதனால் என் கைப்பையில் ஆதார் அட்டைக்குப் பின்னால் கெட்டி அட்டை ஒன்று இருக்கிறது. என் மகளின் கையெழுத்தில் நான்கு வரிகள்: பைபாஸ், 2018. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வேண்டாம். வாந்தியோடு வந்திருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின். வயிறு வலித்தால் குடல் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்.